வலை கிழியும் இடத்தைச் சொல்வதில் என்ன நஷ்டம்?

பாம்பன் தெற்குவாடியில் நாட்டுப்படகு வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம், இப்போது மீன் எந்தப் பக்கம் நன்றாகப் படுகிறது என்று கேட்டேன். "மீன் கெடக்குற எடத்த எவனும் சொல்ல மாட்டான் தம்பி. வலை கிழியிற எடத்தக் கேளு, இப்பவே சொல்றேன்" என்றார். சொல்லவும் செய்தார். கடலுக்கடியில் பாறைத் திட்டு எங்கே இருக்கிறது, அவர்கள் மொழியில் அதற்குப் பெயர் பார், மூழ்கிய பழைய படகு எங்கே கிடக்கிறது, காற்று மாறினால் எந்தப் பக்கம் நீரோட்டம் இழுக்கும் என்று கால் மணி நேரம் விரலால் காற்றில் வரைந்து காட்டினார். யாரிடமும் மறைக்க வேண்டிய விஷயமாக அவருக்கு அது தோன்றவே இல்லை.

நிறுவனங்கள் தங்களுக்குள் தகவலைப் பகிர்ந்துகொள்வது பற்றி மேலாண்மை வகுப்புகளில் சொல்லிக் கொடுப்பதில் பாதி அந்த ஒரு பதிலில் இருக்கிறது. மீன் இருக்கும் இடம் அவருடைய பிழைப்பு. நாலு பேர் அங்கே போனால் அவருக்குக் கிடைப்பது குறையும். வலை கிழியும் இடம் அப்படி இல்லை. இன்னொருவர் வலை அங்கே கிழிவதால் இவருக்கு ஒரு ரூபாயும் லாபம் கிடையாது, நாளைக்கு இவர் அறியாத இடத்தை அந்த இன்னொருவர் சொல்லக்கூடும். ஒரு சங்கமோ, வங்கியோ, தொண்டு நிறுவனமோ, ஏற்றுமதி கம்பெனியோ, தன்னிடம் இருப்பதில் எது மீன் இருக்கும் இடம், எது வலை கிழியும் இடம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தாலே பெரும்பாலான குழப்பம் தீர்ந்துவிடும். நான் பார்த்த வரையில் பல நிறுவனங்கள் இரண்டையும் ஒரே பூட்டில் பூட்டி வைத்திருக்கின்றன.

சரி, அடிப்படையிலிருந்து வருவோம். ஒரே வேலையையோ ஒரே மக்களையோ சுற்றி இயங்கும் பல நிறுவனங்கள், தனித்தனியாக இருந்துகொண்டே, தங்களுக்குத் தெரிந்ததை ஒழுங்கான முறையில் மற்றவர்களுக்கும் தெரியப்படுத்தினால் அதைத் தகவல் பகிர்வு வலைப்பின்னல் என்கிறோம். இதில் யாரும் யாருக்கும் முதலாளி இல்லை, ஒன்றாக இணைந்து ஒரே கம்பெனி ஆகிவிடுவதும் இல்லை. என்னிடம் இருக்கும் அரிசியில் ஒரு படி கொடுத்தால் எனக்கு ஒரு படி குறையும். தகவலைக் கொடுத்தால் அது என்னிடமும் இருக்கும், உங்களிடமும் இருக்கும், உங்களிடம் இருப்பதோடு சேரும்போது இருவருக்கும் தெரியாத மூன்றாவது ஒன்றும் தெரியவரும்.

ஐஸை எடுத்துக்கொள்ளுங்கள். விசைப்படகு கிளம்புமுன் ஐஸ் ஏற்ற வேண்டும். ஐஸ் கட்டி உறைய நேரம் பிடிக்கும், இன்று கேட்டால் இந்த நிமிடமே செய்து தர முடியாது. நாளை எத்தனை படகு போகப் போகிறது என்று ஐஸ் கம்பெனிக்குத் தெரியாவிட்டால் அவர் ஊகிக்க வேண்டியதுதான். குறைவாக ஊகித்தால் கரையில் கூச்சல், அதிகமாக ஊகித்தால் கரண்ட் பில்லும் தண்ணீரும் வீண். ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் மீன்வளத் துறையிடம் அனுமதி டோக்கன் வாங்கித்தான் கடலுக்குப் போகின்றன. அப்படியானால் நாளைய படகுகளின் கணக்கு ஏதோ ஒரு மேசையில் முன்கூட்டியே ஓரளவு தெரிந்துவிடுகிறது. அந்த ஒரே எண் ஐஸ் கம்பெனிக்கும், டீசல் பங்குக்கும், லாரி செட்டுக்கும், மறுநாள் காலை இறால் பிரித்தெடுக்க வரும் பெண்களுக்கும், ஏலத்துக்கு வரும் வியாபாரிக்கும் தேவை. அது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கிடைத்தால் எவ்வளவு வீண் அலைச்சல் மிச்சம் என்று பாருங்கள்.

அந்த எண் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பெயரே உண்டு, சாட்டை விளைவு. சாட்டையைப் பிடித்திருக்கும் கை லேசாகத்தான் அசையும், நுனி வீச்சாக அடிக்கும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் முடிந்து ஜூன் நடுவில் படகுகள் கிளம்பும்போது, படகுக்காரர் பயத்தில் கொஞ்சம் கூடுதலாக ஐஸ் சொல்லி வைப்பார், நடுவில் இருக்கும் ஏஜென்ட் அதற்கு மேலே கொஞ்சம் சேர்த்துச் சொல்வார், ஐஸ் கம்பெனிக்காரர் ஊரே கேட்கிறது என்று நினைத்து இன்னும் அதிகம் செய்வார். கடைசியில் உண்மையான தேவை ஒரு பக்கமும் உருகி ஓடும் ஐஸ் ஒரு பக்கமும் நிற்கும். மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஜே ஃபாரஸ்டர் 1961லேயே இப்படிப்பட்ட ஊசலாட்டத்தை விளக்கி எழுதினார். பிறகு பிராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனி குழந்தைகளுக்கான டயாப்பரில் இதையே பார்த்தது. குழந்தைகள் பயன்படுத்துவது மாதாமாதம் ஏறக்குறைய ஒரே அளவு, ஆனால் கடை, மொத்த வியாபாரி என்று மேலே போகப் போக ஆர்டர் தாறுமாறாக ஏறி இறங்கியது. ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவருடைய ஆர்டரை மட்டும் பார்த்து ஊகித்ததுதான் காரணம். கடைசிக் கடையில் உண்மையில் விற்ற எண்ணிக்கை எல்லோருக்கும் தெரிந்தால் ஊகத்துக்கு வேலை குறைகிறது.

மீன் விலையிலும் இதே கதைதான், அதை ஒருவர் அளந்தே காட்டியிருக்கிறார். கேரளத்தின் காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு கரைகளில் 1997 முதல் 2001 வரை மொபைல் டவர்கள் ஒவ்வொரு பகுதியாக வந்தன. ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் அந்தக் காலத்தில் மத்தி விலையைத் தொடர்ந்து கவனித்து 2007இல் முடிவை வெளியிட்டார். போன் வருமுன் படகுகள் பெரும்பாலும் தங்கள் ஊர்க் கரையிலேயே விற்றன. ஒரு கரையில் மீன் மிதமிஞ்சிக் குவிந்து வாங்க ஆளில்லாமல் கொட்டப்படும், அதே காலையில் கொஞ்ச தூரம் தள்ளி இன்னொரு கரையில் மீனில்லாமல் வியாபாரிகள் நிற்பார்கள். பிடித்ததில் 5 முதல் 8 சதவீதம் இப்படி வீணானது. போன் வந்ததும் கடலிலிருந்தே நாலு கரைகளுக்குப் பேசிவிட்டுத் திரும்பினார்கள். வீணாவது அநேகமாக நின்றது, மீனவர் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது, வாங்கிச் சாப்பிடுபவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. விற்பவருக்கும் லாபம், வாங்குபவருக்கும் லாபம். யாரிடமிருந்தும் பிடுங்கி யாருக்கும் கொடுக்கவில்லை, தெரியாமையால் கடலில் கொட்டிக்கொண்டிருந்த பணம் இரண்டு பேருக்கும் பிரிந்தது, அவ்வளவே. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இது.

இன்னும் நீளமான சங்கிலி ஒன்று நம் கரையில் தினமும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஹைதராபாத்தில் 1999இல் தொடங்கப்பட்ட இன்காய்ஸ் என்ற இந்தியக் கடல் தகவல் சேவை மையம், செயற்கைக்கோள் வழியாகக் கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும், நுண்பாசி எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் பச்சையத்தின் அளவையும் பார்த்து, மீன் கூட வாய்ப்புள்ள பகுதிகளை அறிவிக்கிறது. காற்று, புயல் பற்றி வானிலைத் துறை சொல்கிறது. அலை உயரம் இன்காய்ஸிலிருந்து வருகிறது. இவை மீன்வளத் துறை, மீனவர் சங்கங்கள், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மீனவ நண்பன் செயலி, 2016 முதல் பாம்பனிலிருந்து 90.4இல் ஒலிபரப்பாகும் கடல் ஓசை சமுதாய வானொலி என்று பல வழிகளில் படகுக்கு வந்து சேர்கின்றன. செயற்கைக்கோள் வைத்திருப்பவருக்குத் தெற்குவாடியின் பேச்சு தெரியாது, தெற்குவாடியில் இருப்பவருக்குச் செயற்கைக்கோள் இல்லை. நடுவில் ஒரு கண்ணி அறுந்தாலும் அந்தக் கோடிக்கணக்கான ரூபாய்க் கருவி சொன்னது படகில் இருப்பவருக்குப் பயன்படாது.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். அனுப்பிவிட்டால் பகிர்ந்ததாக நினைத்துவிடுகிறார்கள். அறிக்கையில் ஆழம் மீட்டரில் இருக்கும், நம் ஆட்கள் பாகத்தில் பேசுவார்கள். ஒரு பாகம் என்பது இரண்டு கையையும் விரித்தால் வரும் அளவு, ஏறக்குறைய 6 அடி. அறிக்கையில் தென்மேற்குக் காற்று என்று இருக்கும், கரையில் கச்சான் என்பார்கள். கேரளத்தில் மத்தி என்றால் நம் பக்கம் சாளை. இரண்டு நிறுவனங்கள் தங்கள் பட்டியல்களைச் சேர்த்து வைத்தால், ஒரே மீன் இரண்டு வரியில் இரண்டு மீனாக நிற்கும். அதனால் வலைப்பின்னல் தொடங்கும்போது முதலில் செய்ய வேண்டியது சலிப்பான வேலைதான்: எதை எந்தப் பெயரில் எந்த அளவில் எழுதுவது என்று உட்கார்ந்து ஒத்துக்கொள்வது. பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டைப் பாருங்கள். 1 முதல் 11 வரை எண், அதற்கு ஒரே அர்த்தம், சென்னையிலும் அதேதான், தூத்துக்குடியிலும் அதேதான். இரண்டாம் எண் ஏறியது என்றால் விளக்கம் கேட்கத் தேவையில்லை.

பகிராததன் விலை என்ன? 2004 டிசம்பர் 26 காலை சுமத்ராவில் நிலநடுக்கம் வந்ததற்கும் தமிழகக் கரையை அலை தொட்டதற்கும் நடுவில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் இருந்தது. நிலநடுக்கத்தை உலகின் பல நிலையங்கள் பதிவு செய்துவிட்டன. ஆனால் இந்தியப் பெருங்கடலுக்கென்று அதைக் கரைக்குக் கொண்டு சேர்க்கும் அமைப்பு அன்று இல்லை. ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் 2007இல்தான் வந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் மனது கனத்துப் போகும். தெரிந்தவர்கள் இருந்தார்கள், தெரிய வேண்டியவர்களும் இருந்தார்கள், இடையில் கம்பி இல்லை.

அதற்கப்புறம் வந்த நிவாரணத்திலும் இன்னொரு பாடம் இருக்கிறது. நாகப்பட்டினத்துக்கு நூற்றுக்கணக்கான அமைப்புகள் நல்ல மனதோடு ஓடி வந்தன. யார் எந்த ஊருக்கு எதைக் கொடுக்கிறார்கள் என்று ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒரே ஊரில் பழைய துணி மலையாகக் குவிந்தது, உள்ளே தள்ளியிருந்த ஊருக்கு ஒன்றும் போகவில்லை. மீனவர்களோடு ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்த ஸ்நேகா, சிஃப்ஸ் போன்ற அமைப்புகள் முன்கை எடுத்து 2005 ஜனவரியிலேயே ஒருங்கிணைப்பு மையம் ஒன்றைத் தொடங்கின. எந்த ஊரில் என்ன தேவை, யார் பொறுப்பு என்ற பட்டியலை அங்கே ஒரே இடத்தில் வைத்தார்கள். அரசு அதிகாரிக்கும் அது பயன்பட்டது, புதிதாக வந்து இறங்கிய அமைப்புக்கும் பயன்பட்டது. அப்படியும் சில விஷயங்களைத் தடுக்க முடியவில்லை, தேவைக்கு மேல் ஃபைபர் படகுகள் கொடுக்கப்பட்டு, இருந்த கடலில் வலைகள் கூடிப்போனதும் நடந்தது.

சின்ன அளவில் நானே பார்த்தது ஒன்று சொல்கிறேன். மண்டபம் பக்கத்து ஊர் ஒன்றில், கடலில் இறங்கிக் கடல்பாசி எடுக்கும் பெண்களிடம் ஒரே மாதத்தில் மூன்று நிறுவனங்கள் கணக்கெடுப்புக்கு வந்தன. வீட்டில் எத்தனை பேர், மாதம் எத்தனை நாள் கடலில் இறங்குவீர்கள், என்ன விலைக்குப் போகிறது, கடன் எவ்வளவு, மூன்று பேரும் அதே கேள்விகள். மூன்றாவது முறை வந்த பெண்ணிடம் ஓர் அக்கா, "போன வாரம் வந்தவங்ககிட்ட வாங்கிக்கம்மா, நான் பாசி காயப் போடணும்" என்றார். அந்த நிறுவனங்களில் ஒன்றில் நான் அப்போது வேலை பார்த்தேன். மற்ற இருவரின் அலுவலகமும் நடந்து போகும் தூரம்தான். மூன்று பேருடைய சம்பளம், பெட்ரோல், அந்தப் பெண்களின் மூன்று காலைப் பொழுது, எல்லாம் ஒரு போன் பேசாததால் போனது.

இத்தனைக்கும் பாசி எடுக்கும் அந்தப் பெண்கள்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியவர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பகுதி 1986இல் கடல்வாழ் தேசியப் பூங்கா ஆன பிறகு, பாசி எடுப்பதில் வனத்துறையோடு நீண்ட நாள் இழுபறி. பெண்கள் ஊர் ஊராகப் பேசி, சங்கமாகச் சேர்ந்து, மாதத்தில் 12 நாள் மட்டும் இறங்குவது, பாசியை அடியோடு பிடுங்காமல் எடுப்பது என்று ஒரு கட்டுப்பாட்டுக்கு வந்தார்கள். பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமிக்கு 2015இல், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது கிடைத்தது இதற்காகத்தான். இந்தக் கட்டுப்பாடு காகிதத்தில் நிற்கவில்லை, எந்த ஊர் எந்த நாளில் இறங்குகிறது என்று எல்லா ஊருக்கும் தெரியும் என்பதில் நிற்கிறது. நாம் மட்டும் நிறுத்தி வைக்க, பக்கத்து ஊர் அள்ளிக்கொண்டு போய்விடுமோ என்ற பயம் போனால்தான் யாரும் நிறுத்துவார்கள்.

கடன் விஷயத்திலும் இப்படித்தான். 2010இல் ஆந்திராவில் நுண்கடன் நெருக்கடி வெடித்தது. ஒரே குடும்பத்துக்குப் பல நிறுவனங்கள் கடன் கொடுத்திருந்தன, மற்றவர் எவ்வளவு கொடுத்திருக்கிறார் என்று பார்க்க வழியில்லை. அதற்குப் பிறகு ரிசர்வ் வங்கி 2011இல் விதிகளை இறுக்கியது, யாருக்கு எவ்வளவு கடன் என்று பதிவு வைக்கும் கடன் தகவல் நிறுவனங்களில் நுண்கடன் விவரங்களும் சேரத் தொடங்கின. போட்டி நிறுவனங்கள்தான், ஆனாலும் கட்ட முடியாத வீட்டுக்கு மேலும் கடன் கொடுப்பது எல்லோருக்கும் வலை கிழியும் இடம்.

போட்டிக்காரர்கள் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு ஜப்பானில் நடந்த ஒன்று. 1997 பிப்ரவரி 1 அன்று ஐசின் கம்பெனியின் காரியா தொழிற்சாலையில் தீப்பிடித்தது. டொயோட்டா கார்களின் பிரேக்கில் வரும் ஒரு சின்ன வால்வு அநேகமாக முழுவதும் அங்கேதான் தயாரானது. சரக்கைக் குவித்து வைக்காத டொயோட்டாவின் தொழிற்சாலைகள் சில நாளிலேயே நின்றன. ஐசின் தன்னுடைய வரைபடங்களைக் கேட்ட நிறுவனங்களுக்கெல்லாம் கொடுத்தது, தையல் இயந்திரம் செய்யும் பிரதர் கம்பெனி உட்பட. யார் எந்தத் துளை போடும்போது என்ன சிக்கல் வந்தது என்பதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ஏறக்குறைய ஒரு வாரத்தில் கார்கள் மறுபடி வரத் தொடங்கின. பணம் எவ்வளவு என்று முதலில் பேரம் பேசிக்கொண்டிருக்கவில்லை, பல வருடப் பழக்கம் இருந்ததால் பேச வேண்டிய தேவையும் வரவில்லை. நெருக்கடி நாளில் புதிதாக அறிமுகம் செய்துகொண்டால் இது நடக்காது.

அதனால் நம்பிக்கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தப்பை ஒத்துக்கொண்டு சொல்பவருக்குத் தண்டனை என்றால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அமெரிக்காவில் விமானிகள் தங்கள் தவறுகளையும் மயிரிழையில் தப்பியதையும் எழுதி அனுப்பும் ஏற்பாடு 1976 முதல் இருக்கிறது. அதை நடத்துவது உரிமத்தை ரத்து செய்யும் அதிகாரமுள்ள துறை அல்ல, நாசா. எழுதியவர் பெயரை நீக்கிவிட்டுத்தான் மற்றவர்களுக்குத் தருகிறார்கள். தகவலை யார் கையில் வைப்பது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை. கணினிப் பாதுகாப்பில் இருப்பவர்கள் இன்னொரு எளிய வழி வைத்திருக்கிறார்கள், போக்குவரத்து விளக்கு போல. சிவப்பு என்றால் இந்த அறையில் இருப்பவர்களோடு நிற்கட்டும், மஞ்சள் என்றால் உங்கள் நிறுவனத்திலும் அதன் வாடிக்கையாளர்களிலும் தேவையானவர்களுக்கு, பச்சை என்றால் இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும், நிறமே இல்லை என்றால் ஊருக்கே சொல்லலாம். அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியின் தலையில் ஒரு வார்த்தை சேர்த்தால் போதும்.

எல்லாப் பகிர்வும் நல்லது என்று நான் சொல்லவில்லை. ஏலத்துக்கு வரும் வியாபாரிகள் முந்தின இரவே இன்ன விலைக்கு மேல் கேட்கக் கூடாது என்று தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டால் அதுவும் தகவல் பகிர்வுதான், ஆனால் மீனவர் வயிற்றில் அடிக்கும் பகிர்வு. 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் இப்படிக் கூட்டுச் சேர்ந்து ஏலம் கேட்பதைத் தடை செய்கிறது. அதேபோல் ஒரு பெண்ணின் கடன் விவரமும் நோய் விவரமும் அவளுடையவை, நிறுவனத்தின் சொத்து அல்ல. அவள் சம்மதம் கேட்காமல் இன்னொரு நிறுவனத்துக்கு அனுப்புவதை 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டித்தான் தடுக்க வேண்டும் என்பதில்லை, மரியாதை என்று ஒன்று இருக்கிறது. சின்ன அமைப்பு தினமும் கொடுத்துக்கொண்டே இருக்க, பெரிய நிறுவனம் வாங்கி அறிக்கை போட்டுக்கொண்டே இருந்தால் அந்த வலைப்பின்னல் நிலைக்காது. கொடுத்தவருக்கு என்ன திரும்பி வந்தது என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வெளிப்படையாகக் கேட்க வேண்டும்.

தொடங்க நினைப்பவர்கள் பெரிய மென்பொருள் வாங்கிக்கொண்டு தொடங்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் இரண்டு அமைப்புகளைக் கூப்பிடுங்கள், மூன்று பேர் போதும். ஒரே ஒரு தகவலைத் தேர்ந்தெடுங்கள், பகிர்ந்தால் யாருக்கும் நஷ்டமில்லாத, பகிராவிட்டால் எல்லோருக்கும் செலவு வைக்கும் ஒன்று. யார் அனுப்புவது, என்றைக்கு, எந்த வடிவத்தில் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அனுப்புகிறவர் பெயரில் ஒரு ஆள் இருக்க வேண்டும், "அலுவலகம் அனுப்பும்" என்று எழுதினால் யாரும் அனுப்ப மாட்டார்கள்.

எங்கள் ஊர்க் கணக்கெடுப்பு விஷயத்தில் கடைசியில் அப்படித்தான் செய்தோம். மூன்று நிறுவனங்களிலிருந்தும் ஒவ்வொருவர் மாதத்தின் முதல் திங்கள்கிழமை ஒரு டீக்கடையில் சந்தித்து, எந்த ஊருக்கு எதற்காகப் போகிறோம் என்று ஒரே நோட்டில் எழுதினோம். இரண்டாவது சந்திப்பிலேயே, அடுத்த மாதம் ஒரே ஊரில் இரண்டு பேர் தையல் பயிற்சி வைத்திருந்தது தெரிந்தது. ஒருவர் அதை வேறு ஊருக்கு மாற்றிக்கொண்டார். பாசி எடுக்கும் பெண்கள் இறங்கும் 12 நாட்களையும் அவர்களிடமே கேட்டு அந்த நோட்டின் முதல் பக்கத்தில் குறித்தோம், அந்த நாட்களில் யாரும் கூட்டம் வைப்பதில்லை என்று.